தையலின் பின்பக்கத்தைக் காட்டுங்கள்: தோல் கைவேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கையால் தைத்த தோல் உறை ஒன்றை வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். முன்பக்கத் தையல் எல்லோருக்கும் ஓரளவு நேராக வந்துவிடும். துளை போடும்போது கருவி சாய்ந்ததா, ஊசி போகும் வரிசை மாறியதா, நூலை ஒரே அளவாக இழுத்தோமா என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும்.

புதியவர்கள் வாட்ஸ்அப் குழுவிலோ வேறு எங்கோ படம் போடும்போது முன்பக்கத்தை மட்டும் போடுகிறார்கள். "அருமை" என்று பத்துப் பதில் வரும், கற்றுக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது. முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் முகம் தெரியாத ஒருவர், "பின்பக்கம் காட்டுங்க" என்று கேட்டார். காட்டினேன். "உங்க துளைக்கருவி வலப்பக்கம் சாயுது. பக்கவாட்டுல உட்காராம, கருவி மூக்குக்கு நேரா இருக்கிற மாதிரி உட்கார்ந்து அடிங்க" என்றார். அன்று மாலையே தையல் நேரானது. ஆறு மாத வீடியோக்களில் கிடைக்காதது அந்த இரண்டு வரியில் கிடைத்தது.

இந்த வழிகாட்டி ஒரு சின்ன கார்டு உறையைச் செய்து முடிப்பது வரைக்கும். எந்தக் கட்டத்தில் யாரிடம் எதைக் கேட்பது என்பதையும் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் ஆசிரியர் தெருமுனையில் இருக்கிறார்

இணையத்தைத் திறப்பதற்கு முன் உங்கள் தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போங்கள். தைக்க வேண்டிய செருப்பையோ பையையோ எடுத்துக்கொண்டு போய், அவர் கையைப் பாருங்கள். குத்தூசியை எந்தக் கோணத்தில் பிடிக்கிறார், நூலுக்கு மெழுகு எப்படிப் பூசுகிறார், தோலை எவ்வளவு ஈரமாக்குகிறார் என்று கவனியுங்கள். எங்கள் பேருந்து நிறுத்தத்தில் இருந்த ஐயா ஒருவர், "ஊசியை இழுக்காத தம்பி, ஊசியை வெளியே எடுத்துட்டு அப்புறம் நூலை இழு" என்று சொன்னதை இன்றைக்கும் ஒவ்வொரு தையலிலும் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள். ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டால் ஒரு மணி நேரக் கூலி. தோல் தொட்டவர்களைச் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம் நம்முடையது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த வேலையை இன்று நாம் பொழுதுபோக்காகவும் அழகான கைவினையாகவும் கற்க வருகிறோம். கற்றதைப் படம்பிடித்துப் போடும்போது, யாரிடம் கற்றோம் என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம். அவர் பெயரையும் முகத்தையும் போடுவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோல் வாங்குவது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தோலைப் பதனிடும் முறை முக்கியமாக இரண்டு. ஒன்று தாவரப் பதனம்: மரப்பட்டை, காய் இவற்றில் இருக்கும் துவர்ப்புச் சத்தைக் கொண்டு வாரக்கணக்கில் பதனிடுவது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோலுக்கு உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே பெயர். சுருக்கமாக இ.ஐ. தோல் என்பார்கள், புவிசார் குறியீடும் பெற்றது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் இந்த வேலைக்குப் பேர்போனவை. இன்னொன்று குரோம் பதனம்: குரோமிய உப்பு கொண்டு ஓரிரு நாளில் முடிவது. சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியால்தான். இன்று கடைகளில் பார்க்கும் செருப்பு, பை, ஜாக்கெட் பெரும்பாலும் குரோம் தோல்தான்.

முதல் வேலைக்குத் தாவரத் தோல் வாங்குங்கள். வெட்டினால் விளிம்பு விறைப்பாக நிற்கும், தேய்த்தால் பளபளக்கும், கோடு போட்டால் கோடு தங்கும். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், பைக்கு நல்லது. ஆனால் அதன் விளிம்பை எவ்வளவு தேய்த்தாலும் வழவழப்பாக வராது. பலர் குரோம் தோலை வாங்கிவந்து நாள் முழுக்க விளிம்பைத் தேய்த்துவிட்டு, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கடைக்காரர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சாயமோ பூச்சோ இல்லாத தாவரத் தோல் அதை உறிஞ்சிக் கறுக்கும். வெட்டிய குறுக்குப்பக்கத்தைப் பாருங்கள்: தாவரத் தோல் உள்ளேயும் பழுப்பாக இருக்கும், குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலமோ சாம்பலோ தெரியும். இன்னும் சந்தேகம் என்றால் நகம் அளவு துண்டைக் கொதிக்கும் நீரில் போடுங்கள். தாவரத் தோல் சட்டென்று சுருண்டு இறுகிவிடும், நல்ல குரோம் தோல் அப்படியே கிடக்கும்.

சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரியமேடு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு ஆம்பூரும் வாணியம்பாடியும் கிட்ட. தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். முழுத் தோலின் பின்பக்கத்தில் அதன் பரப்பளவை எழுதியோ முத்திரையிட்டோ இருப்பார்கள். எண்ணுக்கு மேலே சின்னதாக 1, 2, 3 என்று இருந்தால் அது கால், அரை, முக்கால் அடி. 12-க்கு மேல் சின்ன 3 இருந்தால் பன்னிரண்டே முக்கால் சதுர அடி என்று பொருள். இது தெரியாமல் போனால் கணக்கு புரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் முதல் தடவை முழுத் தோல் வாங்காதீர்கள். பை, செருப்பு செய்யும் இடங்களில் மிஞ்சும் துண்டுகளைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். "வெஜ் டேன் கட்பீஸ் இருக்கா, ஒண்ணேகால் மில்லி கனம் வேணும்" என்று கேளுங்கள் (வெஜ் டேன் என்பது தாவரத் தோல், கட்பீஸ் என்பது மிஞ்சிய துண்டு). பர்ஸ் மாதிரிச் சின்ன வேலைக்கு 1 முதல் 1.5 மி.மீ. கனம் போதும். பொறுக்கும்போது துண்டை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். முதுகுப் பகுதித் தோல் இறுக்கமாக நிற்கும். வயிற்றுப் பகுதி இழுபடும், மடித்தால் மேல்தோல் தொளதொளவென்று சுருக்கம் விழும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

துண்டில் தொடங்கச் சொல்வதற்குச் செலவு மட்டும் காரணமில்லை. தோல் பதனிடும் கழிவால் பாலாறும் அதைச் சுற்றிய நிலத்தடி நீரும் பட்ட பாடு, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனது. கற்கிற காலத்தில் பாதி தோல் வீணாகத்தான் போகும். ஏற்கெனவே மிஞ்சிய துண்டு வீணாவது, புதுத் தோல் வீணாவதைவிட மேல்.

கருவிகள்

பெரிய பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 18 மி.மீ. அகலமுள்ள, முனை முனையாக உடைத்துக்கொள்ளும் கத்தி. இரும்பு ஸ்கேல். பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடர், இது தையல் கோடு போட. முள்கரண்டி மாதிரிப் பல் வைத்த துளைக்கருவி, பல்லுக்குப் பல் 4 மி.மீ. இடைவெளியில். மரச்சுத்தி. முனை மழுங்கிய ஊசி இரண்டு. மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல், 0.6 முதல் 0.8 மி.மீ. கனம். செருப்புக் கடைக்காரர்கள் சொல்யூஷன் என்று சொல்லும் ரப்பர் பசை. 220, 400, 600 எண் உப்புத்தாள். கொஞ்சம் தேன்மெழுகு.

இதில் துளைக்கருவிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யுங்கள். மலிவானதில் பல் தடிமனாக இருக்கும், துளை பெரிதாகி நூல் அதில் தொலைந்துபோகும். பழையதை விற்கிறவர்கள் தோல் வேலைக் குழுக்களில் அடிக்கடி வருவார்கள், விசாரித்துப் பாருங்கள். வாங்கும் முன் ஒரு துண்டுத் தோலில் அடித்த துளையின் படத்தை, முன்னும் பின்னும், அனுப்பச் சொல்லுங்கள்.

கத்தி கூராக இல்லாவிட்டால் தோல் வெட்டுப்படாமல் நசுங்கும். முனை மங்கினால் யோசிக்காமல் உடைத்துவிடுங்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

ஏடிஎம் கார்டு 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம். உலகம் முழுக்க இதே அளவு. இரண்டு பக்கமும் தையலுக்கு 4 மி.மீ. விட்டு, கார்டு தாராளமாக நுழைய மேலும் 6 மி.மீ. சேர்த்தால் உறையின் நீளம் 100 மி.மீ. உயரம் 62 மி.மீ. போதும். தடிமனான அட்டையில் இந்த அளவை வெட்டி, அந்த அட்டையைத் தோல் மேல் வைத்து இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டின் மேல்விளிம்பு நடுவில் பத்து ரூபாய் நாணயத்தைப் பாதி வைத்து வளைவு வரைந்து வெட்டினால், கட்டைவிரலால் கார்டைத் தள்ளி எடுக்க இடம் கிடைக்கும்.

வெட்டும்போது ஒரே அழுத்தில் அறுக்க முயல வேண்டாம். லேசாக முதல் தடம், அதே தடத்தில் இரண்டாவது, மூன்றாவது. ஸ்கேலைப் பிடித்திருக்கும் விரல்கள் அதன் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

தைத்தபின் மேல்விளிம்பை மெருகேற்ற முடியாது. அதனால் கார்டு நுழையும் அந்த விளிம்பை இரண்டு துண்டிலும் இப்போதே முடித்துவிடுங்கள். எப்படி என்று கீழே இருக்கிறது.

பிறகு மூன்று பக்கமும் ஓரத்தில் 4 மி.மீ. அகலத்துக்கு மட்டும் பசை. இரண்டு துண்டிலும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும், மழைநாளில் இன்னும் கொஞ்சம். அதற்கு முன் ஒட்டினால் வழுக்கும். காய்ந்தபின் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது, எனவே ஒரு மூலையைச் சரியாக வைத்து அங்கிருந்து அமுக்கிக்கொண்டே வாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், இந்தப் பசையின் வாடை நல்லதல்ல. சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறையில் வேண்டாம்.

துளையும் தையலும்

டிவைடரை 4 மி.மீ. விரித்து, ஒரு காலை விளிம்புக்கு வெளியே ஓட்டி, மற்றதால் தோலில் கோடு போடுங்கள். அதன் மேல் துளைக்கருவியை நிறுத்தி அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கருவியின் முதல் பல்லை ஏற்கெனவே போட்ட கடைசித் துளையில் வைத்தால் இடைவெளி மாறாது. கருவி செங்குத்தாக நிற்கிறதா என்று முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். அடியில் பழைய ரப்பர் பாயோ தடித்த தோல்துண்டோ இருக்கட்டும். கிரானைட் மேல் நேராக வைத்து அடித்தால் பல் போய்விடும்.

இப்போது இரட்டை ஊசித் தையல். வீடியோக்களில் சேடில் ஸ்டிச் என்று தேடினால் கிடைக்கும். தையல் மெஷினில் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று, இரண்டும் நடுவில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். அதில் ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் அவிழ ஆரம்பிக்கும். இரட்டை ஊசித் தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வரும். ஓர் இடத்தில் அறுந்தாலும் எதிர்ப்பக்க நூல் பிடித்துக்கொண்டே இருக்கும். குதிரைச் சேணம் தைக்கக் காலங்காலமாக இதைப் பயன்படுத்தியதற்குக் காரணம் அதுதான்.

தைக்க வேண்டிய நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுங்கள். நம் உறைக்கு மூன்று பக்கமும் சேர்த்து 22 செ.மீ. சொச்சம், எனவே ஒரு மீட்டர். உறையை இரண்டு முழங்காலுக்கு நடுவே அட்டை வைத்து இடுக்கிக்கொள்ளலாம். முதல் துளையில் ஓர் ஊசியை விட்டு, நூல் இரு பக்கமும் சமமாக வரும்படி இழுங்கள்.

அடுத்த துளையில் முதலில் இடக்கை ஊசி. அது முழுதும் வெளியே வந்தபின் அதே துளையில் வலக்கை ஊசி. வலக்கை ஊசியை நுழைக்கும்போது, துளையில் ஏற்கெனவே இருக்கும் நூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி அந்த நூலையே குத்திக்கொண்டு போகும், அப்புறம் இறுக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. பாதி ஊசி போனதும் பழைய நூலை லேசாக ஆட்டிப் பாருங்கள். நகர்ந்தால் சரி. பிறகு இரண்டு கையையும் ஒரே அளவாக இழுங்கள். நூல் தோலில் பதிந்தால் போதும், தோல் சுருங்கினால் அதிகம்.

இரண்டாவது ஊசி, துளையில் இருக்கும் நூலுக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை முதல் துளையிலேயே முடிவு செய்துவிடுங்கள். கடைசித் துளை வரைக்கும் அதை மாற்றக் கூடாது. எந்தக் கை முதலில் என்பதும் அப்படித்தான். தையல் ஒரே சாய்வில் வரிசையாக நிற்பது இந்த ஒழுங்கால்தான். போன் வந்தால் கூட ஒரு துளையை முடித்துவிட்டே எடுங்கள். நான் நடுவில் எழுந்துபோய்த் திரும்பிவந்து கை மாற்றிப் போட்ட தையல்களை இன்றும் என் முதல் பர்ஸில் காட்ட முடியும்.

முடிவில் இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து, நூலை ஒட்ட வெட்டி, பாலியெஸ்டர் என்றால் லைட்டரால் முனையைத் தொட்டு உருக்கிவிடலாம். பருத்தி நூலும் லினன் நூலும் உருகாது, எரியும். அவற்றுக்கு ஒரு பொட்டுப் பசை.

விளிம்பு

220 எண் தாளில் தொடங்கி 400, 600 என்று தேயுங்கள், இரண்டு தோல் ஒரே தோல் மாதிரித் தெரியும் வரை. விரலால் தண்ணீர் தொட்டு விளிம்பை ஈரமாக்கி, கெட்டித்துணியாலோ வழவழப்பான மரத்துண்டாலோ வேகமாகத் தேயுங்கள். சூடு ஏறி நார்கள் படிந்து பளபளக்கும். காய்ந்ததும் தேன்மெழுகு. தண்ணீர் அதிகமானால் விளிம்பு காளான் தலை மாதிரி விரியும், காயவிட்டு மறுபடி உப்புத்தாளிலிருந்து வாருங்கள்.

ஈரமான தாவரத் தோலில் இரும்புத்தூள் பட்டால் கருநீலக் கறை விழும். எளிதில் போகாது. கத்தி தீட்டிய கையைக் கழுவிவிட்டுத் தோலைத் தொடுங்கள். மிச்சத் தோலை பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள், ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வேட்டித்துணியில் சுற்றிக் காற்றோட்டமாக வையுங்கள்.

படம் எடுத்துக் கேட்பது எப்படி

உறை முடிந்துவிட்டது. இப்போதுதான் மற்றவர்கள் கண்ணுக்கு வேலை.

மூன்று படம் எடுங்கள்: முன்பக்கத் தையல், பின்பக்கத் தையல், விளிம்பு. ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. நேர்வெளிச்சத்தில் தையலின் மேடுபள்ளம் தெரியாது. பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். கூடவே என்ன தோல், எத்தனை மி.மீ., நூல் கனம், துளை இடைவெளி என்று எழுதுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பாராட்டுதான் வரும். "பின்பக்கத்தில் ஏழாவது துளையிலிருந்து கோடு வளைகிறது, ஏன்?" என்று கேட்டால், இதே தவறைச் செய்து கடந்துவந்த யாரோ ஒருவர் உட்கார்ந்து பதில் எழுதுவார்.

அடிக்கடி வரும் பதில்கள் சில, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பின்பக்கக் கோடு வளைந்தால் கருவி சாய்ந்திருக்கிறது. சாய்வு இடையிடையே மறைந்தால் ஊசி வரிசை மாறியிருக்கிறது. துளைக்குத் துளை தோல் கிழிந்தால் இழுப்பு அதிகம், அல்லது கோடு விளிம்புக்கு மிக அருகில். துளைகள் நூலைத் தாண்டி வாய்பிளந்து நின்றால் நூல் மெல்லியது அல்லது பல் தடிமன்.

இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் குழம்ப வேண்டாம். ஒருவர் வலக்கை ஊசி முதலில் என்பார், இன்னொருவர் இடக்கை என்பார். இருவரும் சரிதான். ஒருவர் முறையை எடுத்து ஐந்து உறை செய்து பாருங்கள், பிறகு மற்றவருடையதை.

அடுத்த நிலைக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சென்னையில் இரண்டு இடங்கள். அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம். பயிற்சி வகுப்புகள் பற்றி நேரில் போய் விசாரியுங்கள்.

வெளிநாட்டு வரைபடங்களும், நீங்கள் பகிரும் வரைபடமும்

உலகம் முழுக்க இருக்கும் தோல் வேலைக்காரர்கள் தங்கள் வரைபடங்களை, அதாவது தோலை வெட்டுவதற்கான அளவுப் படங்களை, இலவசமாகவே தருகிறார்கள். எடுக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். அமெரிக்க வரைபடங்களில் தோலின் கனம் அவுன்ஸில் இருக்கும். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மி.மீ., ஆகவே 3 அவுன்ஸ் என்றால் 1.2. பணத்தாள் அளவும் மாறும். நம் 500 ரூபாய்த் தாள் 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. உயரம். டாலரும் 156-க்கு 66 என்பதால் அமெரிக்க பர்ஸ் நமக்குப் பொருந்தும். 50 யூரோத் தாள் 140 நீளம், 77 உயரம். ஐரோப்பிய வரைபடத்தை அப்படியே வெட்டினால் நீளம் போதாது, உயரத்தில் நம் தாள் பள்ளத்தில் கிடக்கும்.

விற்பனைக்கு வைத்த வரைபடத்தை வாங்கிக் குழுவில் இலவசமாகப் போடாதீர்கள். அது ஒருவர் பல மாதம் வெட்டிப் பார்த்துத் திருத்திய உழைப்பு.

உங்கள் ஐந்தாவது உறை நன்றாக வந்துவிட்டால் அதன் வரைபடத்தை நீங்களும் பகிருங்கள். ஏ4 தாளில் உண்மை அளவில் வரைந்து, எந்தத் தோல், என்ன கனம், எந்த விளிம்பை முதலில் முடிக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் இப்படி எழுதியவை மிகக் குறைவு, ஒவ்வொன்றும் யாருக்காவது முதல் பாடமாக அமையும். தாளின் ஓரத்தில் சரியாக 50 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். கணினி சில சமயம் பக்கத்துக்குப் பொருந்தட்டும் என்று படத்தைச் சுருக்கிவிடும். அமெரிக்கத் தாள் அளவும் நம் ஏ4 அளவும் வேறு என்பதால் அங்கிருந்து வரும் கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும். அச்சிட்டதும் முதல் வேலையாக அந்தக் கோட்டை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். 50 வந்தால் தோலை எடுக்கலாம். 48 வந்தால் உறை சின்னதாகி கார்டு இறுகும், மறுபடி அச்சிட வேண்டும்.